குவாந்தானிலிருந்து கிள்ளானுக்கு: ஒரு நிலப்பாலத்தின் கணக்கு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்டவாளம் ஓடியது. இரவில் பயணிகள் ரயில்கள் ஓய்ந்த பிறகு வடக்கிலிருந்து சரக்கு ரயில் வரும். ஜன்னல் கம்பிகள் அதிரும். செந்தூல் பட்டறையில் வேலை செய்த அப்பா என்னை எழுப்பி வண்டிகளை எண்ணச் சொல்வார். மொத்த எண்ணிக்கை மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. "ஏற்றிய வண்டி எத்தனை, வெறும் வண்டி எத்தனை? பிரித்துச் சொல்" என்பார். இருட்டில் எப்படித் தெரியும் என்று கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். வெறும் வண்டி தண்டவாள இணைப்பில் துள்ளி விழும். ஏற்றிய வண்டி அழுத்திக்கொண்டு போகும்.

இப்போது கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எந்தக் கொள்கலன் பெட்டி எந்தக் கப்பலில், எந்த நாளில், எந்தத் தாள்களோடு போக வேண்டும் என்பதுதான் என் அன்றாடம். கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக்கில் கிழக்குக் கரை ரயிலுக்கான புதிய நிலையம் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சரக்கைக் கிழக்குக் கரையின் குவாந்தானில் இறக்கி, ரயிலில் மேற்குக் கரையின் கிள்ளானுக்குக் கொண்டுவந்துவிட்டால், சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு வரும் கப்பலுக்கு இனி என்ன வேலை?" கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பந்தியில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

திட்டம் வந்த வழி

இசிஆர்எல் என்று நாம் சுருக்கிச் சொல்லும் கிழக்குக் கரை ரயில் திட்டம் 2017 ஆகஸ்டில் குவாந்தானில் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது சொன்ன மதிப்பு 55 பில்லியன் ரிங்கிட். செலவில் 85 விழுக்காடு சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். 2018இல் ஆட்சி மாறியது, வேலை நின்றது. 2019 ஏப்ரலில் 44 பில்லியனுக்குக் குறைத்து மறுபடியும் கையெழுத்தானது. பிறகு பாதையின் மேற்குப் பகுதி வடக்கே திருப்பப்பட்டு, இன்றைய வடிவத்தில் நீளம் 665 கிலோமீட்டராகவும் செலவு ஏறத்தாழ 50 பில்லியன் ரிங்கிட்டாகவும் நிற்கிறது. கோத்தா பாருவில் தொடங்கி, குவாந்தான் வழியாகத் தித்திவாங்சா மலையை 16 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தில் கடந்து கோம்பாக்கை அடைகிறது. அங்கிருந்து செரண்டா, புஞ்சாக் ஆலம், காப்பார் என்று சுற்றிக் கிள்ளான் துறைமுகத்தின் ஜாலான் கஸ்தாமில் முடிகிறது. கோம்பாக் வரை 2027 தொடக்கத்திலும், துறைமுகம் வரை 2028 தொடக்கத்திலும் ஓட வேண்டும் என்பது திட்டம். பயணிகள் ரயிலுக்கு மணிக்கு 160 கிலோமீட்டர், சரக்கு ரயிலுக்கு 80.

தொடக்க நாட்களில் இதை விற்ற சொல் "நிலப்பாலம்". தென்சீனக் கடலையும் மலாக்கா நீரிணையையும் தண்டவாளத்தால் இணைத்துவிடலாம், கப்பல்கள் தெற்கே இறங்கி ஏற வேண்டாம் என்றார்கள். வரைபடத்தை விரித்து வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தீபகற்பத்தின் இடுப்பில் ஒரு கோடு போட்டால் போதும்போல் இருக்கும்.

பெட்டியை எத்தனை முறை தூக்குகிறோம்

முதலில் நேரத்தைப் பார்ப்போம். குவாந்தானிலிருந்து சிங்கப்பூரைச் சுற்றிக் கிள்ளானுக்குக் கடல்வழி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மிதமான வேகத்தில் போகும் கொள்கலன் கப்பலுக்கு அது ஒரு நாள் ஓட்டம். ரயிலில் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஐந்தாறு மணி நேரம். ஆக, ரயில் மிச்சப்படுத்தித் தருவது முக்கால் நாள்.

அந்த முக்கால் நாள் எங்கே போகிறது என்று பார்க்கத் துறைமுகத்தின் கரையோரம் நிற்க வேண்டும். நான் பல இரவுகள் நின்றிருக்கிறேன். பாரந்தூக்கியின் சட்டம் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும். பெட்டியின் நான்கு மூலைத் துளைகளிலும் பூட்டு விழும் சத்தம் கேட்கும். பெட்டி மேலே வந்து, கரைக்கு நகர்ந்து, காத்திருக்கும் டிரெய்லரின் மீது உட்காரும்போது டயர்கள் ஒரு விரற்கடை அமுங்கும். ஒரு பாரந்தூக்கி ஒரு மணி நேரத்தில் முப்பது பெட்டி எடுத்தால் நல்ல ஓட்டம் என்று சொல்வோம். துறைமுகத்தில் இந்த ஒரு தூக்கலுக்கு "லிஃப்ட்" என்று பெயர். ஒவ்வொரு லிஃப்டுக்கும் கட்டணம் உண்டு.

சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பெட்டியை நிலப்பாலத்தின் வழியே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். குவாந்தானில் கப்பலிலிருந்து டிரெய்லருக்கு ஒன்று. டிரெய்லரிலிருந்து, முற்றத்தில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குக்கு இரண்டு. அடுக்கிலிருந்து ரயிலுக்கு மூன்று. கிள்ளானில் ரயிலிலிருந்து அடுக்குக்கு நான்கு, அடுக்கிலிருந்து டிரெய்லருக்கு ஐந்து, டிரெய்லரிலிருந்து அடுத்த கப்பலுக்கு ஆறு. கப்பலிலேயே இருந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு லிஃப்டும் இல்லை. கூடவே, அடுக்கில் வைத்த பெட்டி அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும். துறைமுகத்தில் இரண்டு மூன்று நாள் காத்திருப்பது வழக்கமான ஒன்று. முக்கால் நாள் மிச்சம் முதல் அடுக்கிலேயே தீர்ந்துவிடுகிறது.

அளவுக்கு வருவோம். இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் 400 மீட்டர் நீளத்தில் 24,000 இருபதடிப் பெட்டிகளைச் சுமக்கின்றன. ஒரு ரயிலில் நூறு இருபதடிப் பெட்டி ஏறும் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், ஒரு கப்பலைக் காலி செய்ய 240 ரயில் வேண்டும். எந்தக் கப்பலும் ஒரே துறைமுகத்தில் முழுவதும் இறக்காது என்பது உண்மை. நாலாயிரம் பெட்டி இறக்கினாலும் நாற்பது ரயில். அது ஒரே ஒரு கப்பலுக்கு. 2024இல் கிள்ளான் கையாண்டது 1 கோடியே 46 லட்சம் இருபதடிப் பெட்டி. சிங்கப்பூர் 4 கோடியே 11 லட்சம்.

இதோடு சிங்கப்பூரைக் கப்பல் ஒரு வளைவாக மட்டும் பார்ப்பதில்லை. அது அங்கே எரிபொருள் நிரப்புகிறது. 2024இல் மட்டும் சிங்கப்பூர் விற்ற கப்பல் எரிபொருள் ஏறத்தாழ 5 கோடியே 49 லட்சம் டன். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் பெட்டி மாற்றுகிறது, உதிரி வாங்குகிறது, ஆட்களை மாற்றுகிறது. அந்த வேலைகளெல்லாம் அங்கே இருக்கும்வரை கப்பல் அங்கே போகத்தான் செய்யும். நிலப்பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கப்பல் தேவைப்படுவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பயணத்தை இரண்டாக வெட்டினால், இரு கப்பல்களின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கடைசியாகக் கடன். 50 பில்லியன் என்பது 5,000 கோடி ரிங்கிட். எளிமைக்காக முழுவதும் கடன் என்று எடுத்து, மூன்று விழுக்காடு வட்டி வைத்தாலே ஆண்டுக்கு 150 கோடி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பெட்டிகள் ஓடி, வட்டிச் சுமை முழுவதும் அவற்றின் மீதே விழுந்தால், ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் 1,500 ரிங்கிட் ஏறும். அசலும் ஓட்டச் செலவும் அதற்கு மேல். பயணிகளும் உள்ளூர்ச் சரக்கும் சுமையில் பங்கெடுப்பார்கள் என்றாலும், எதிரே இருப்பது கடல். கடலுக்கு யாரும் தண்டவாளம் போட்டுக் கடன் கட்டுவதில்லை.

தாய்லாந்தின் சும்போனையும் ரானோங்கையும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நிலப்பாலத்தால் இணைத்து, இரு கரையிலும் ஆழ்கடல் துறைமுகம் கட்டும் திட்டமும் பினாங்கில் அடிக்கடி பேச்சுக்கு வருகிறது. ஒரு டிரில்லியன் பாட் என்று மதிப்பிட்டார்கள். அங்கே தூரம் நம்முடையதைவிடக் குறைவு, மிச்சமாகும் கடல்வழி அதிகம். ஆனாலும் அந்த ஆறு லிஃப்ட் அங்கேயும் அப்படியே இருக்கிறது. பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம்.

நிலம் வென்ற இடங்கள்

நிலவழி எப்போதும் தோற்கும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நாட்டின் ரயிலே நிலம் வென்ற கதைதான். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயிலும், அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஓடிய ரயிலும் வெள்ளீயத்தைச் சுரங்கத்திலிருந்து தண்ணீருக்குக் கொண்டுசென்றன. அந்தத் தண்டவாளங்களில் நம்மவர்களின் வியர்வை நிறைய விழுந்திருக்கிறது. அவை கப்பலோடு போட்டியிடவில்லை, கப்பலுக்குச் சரக்கு ஊட்டின. அவற்றால் தோற்றது மாட்டு வண்டி.

கப்பலோடு நேருக்கு நேர் மோதிய ரயில்களும் உண்டு. மெக்சிகோவின் தெவாந்தெபெக் நிலமுனையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ரயில்பாதை 1907இல் இரு பெருங்கடல்களை இணைத்தது. சரக்கு குவிந்தது. 1914இல் பனாமா கால்வாய் திறந்தது, சரக்கு கால்வாய்க்குப் போய்விட்டது. அதே பாதையை இப்போது புதுப்பித்திருக்கிறார்கள். 2023இல் வறட்சியால் பனாமாவில் நீர்மட்டம் இறங்கி, கப்பல்கள் வரிசையில் நின்றபோது அதற்கு ஒரு நியாயம் கிடைத்தது. மாற்று வழியாக அது பயன்படலாம். கால்வாயை அது இழுத்து மூடப் போவதில்லை.

சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓடும் ரயில்கள் இன்னும் நல்ல பாடம். கடலில் ஐந்தாறு வாரமாகும் பயணத்தை அவை இரண்டு வாரம், இரண்டரை வாரத்தில் முடிக்கின்றன. செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும், என் வாடிக்கையாளர்களே அந்த ரயிலைப் பற்றிக் கேட்டார்கள். 2024இல் 19,000 ரயில்கள் 20 லட்சத்துக்கும் சற்று அதிகமான இருபதடிப் பெட்டிகளைக் கொண்டுசென்றன. பெரிய சாதனைதான். ஆனால் கிள்ளான் என்ற ஒரே துறைமுகம் அதே ஆண்டில் கையாண்டது அதைப் போல் ஏழு மடங்கு. அந்த ரயில்களுக்குச் சீன மாநிலங்களும் நகரங்களும் மானியம் கொடுத்து வந்திருக்கின்றன. கணினி, கார் உதிரி போன்ற விலையுயர்ந்த, அவசரச் சரக்குக்குத்தான் அந்தக் கட்டணம் கட்டுப்படியாகும். சீனாவின் நடுப்பகுதியில் இருக்கும் சோங்சிங் போன்ற நகரத்துக்குக் கடலே தூரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலை வெட்டிக்கொண்டு போவதில் நிலம் சுத்தமாக வெல்லும் ஒரு வகை, குழாய். மியான்மாரின் கியாக்பியூவிலிருந்து குன்மிங் பக்கம் போகும் எண்ணெய்க் குழாய் 2017 முதல் ஓடுகிறது. குழாய்க்கு லிஃப்ட் இல்லை, அடுக்கு இல்லை. அப்படியிருந்தும் அதன் ஆண்டுக் கொள்ளளவு 2 கோடியே 20 லட்சம் டன். சீனா ஆண்டுக்கு இறக்குமதி செய்வது 50 கோடி டன்னுக்கு மேல். மலாக்கா நீரிணையில் எண்ணெய்க் கப்பல் குறையவில்லை.

சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. 2024 ஜூனில் சிலாங்கூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சோங்சிங்குக்குச் சரக்கு ரயில் தொடங்கியது. ஒன்பது நாளில் போய்விடும் என்பது அறிவிப்பு. கடலில் இரண்டு, மூன்று வாரம். பிறகு எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்காக நான் ஒரு பெட்டியை நிலவழியில் அனுப்பினேன். நம் பாதை மீட்டர் அகலம், தாய்லாந்தும் அப்படியே. லாவோஸில் சீன ரயிலின் அகலமான பாதைக்குப் பெட்டியைத் தூக்கி மாற்ற வேண்டும். வழியில் ஓர் எல்லை முனையத்தில், பெட்டியின் முத்திரை எண்ணில் ஓர் இலக்கம் அறிவிப்புத் தாளோடு பொருந்தவில்லை. யாரோ 3ஐ 8 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். பெட்டி ஐந்து நாள் அங்கேயே நின்றது. கப்பலிலும் இப்படித் தவறு நடக்கும். ஆனால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும்போது நாம் இங்கே உட்கார்ந்து தாளைத் திருத்திவிடலாம். எல்லையில் நிற்கும் பெட்டிக்கு அந்த அவகாசம் இல்லை. அன்றிலிருந்து ஒரு நிலவழியைப் பார்த்தால் நான் கிலோமீட்டரைக் கேட்பதில்லை. எத்தனை லிஃப்ட், எத்தனை எல்லை என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பது நான் சிறுவயதில் எண்ணிய வடக்கத்தி ரயில். தென் தாய்லாந்தின் சரக்கு எல்லை ஊரான பாடாங் பெசாரில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் பினாங்குத் துறைமுகத்துக்கோ, இன்னும் கீழே கிள்ளானுக்கோ வருகிறது. இரு நாட்டிலும் ஒரே மீட்டர் பாதை. சரக்கு நிலத்தில் பிறக்கிறது, ஒருமுறை ரயிலேறுகிறது, துறைமுகத்தில் ஒருமுறை கப்பலேறுகிறது. 2014இல் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைப் பாதையும் மின்மயமும் முடிந்தது அதற்கு இன்னும் வலு சேர்த்தது. கோலாலம்பூர் நகரத்துக்குள் பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நிற்க வேண்டியிருப்பது மட்டும்தான் கிள்ளான் போகும் ரயிலுக்குத் தொந்தரவு. அதனால்தான் இசிஆர்எல் பாதையை வடக்கே செரண்டா வழியாகத் திருப்பியதை நான் நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஆனால் புதிய பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம், பழையது 1,000. பாடாங் பெசார் ரயில் அப்படியே அதில் ஏறிவிட முடியாது. அங்கேயும் பெட்டியைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். ஐம்பது பில்லியன் செலவில் இந்த ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது.

காராக் மலையில்

அப்படியானால் இசிஆர்எல் யாரோடு போட்டியிடுகிறது? விடை மலாக்கா நீரிணையில் இல்லை, கோலாலம்பூரிலிருந்து மலையேறிக் கிழக்குக் கரைக்குப் போகும் காராக் நெடுஞ்சாலையில் இருக்கிறது.

கிழக்குக் கரையின் கெபெங் தொழிற்பேட்டையிலும் கெர்த்தேயிலும் குவாந்தான் துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பூங்காவிலும் பிறக்கும் இரும்பு, ரசாயனம், மரப் பொருள், செம்பனை எண்ணெய்ச் சரக்கில் பெரும்பங்குக்கு உலகக் கப்பல்கள் வேண்டும். அந்தக் கப்பல்கள் கிள்ளானுக்கு வருகின்றன. குவாந்தானுக்கு வரும் கொள்கலன் கப்பல் சேவைகள் குறைவு. ஆகவே பெட்டிகள் லோரியில் மலையேறி வருகின்றன.

சென்ற ஆண்டு ஒரு சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால், டிரெய்லர் ஓட்டும் ஓர் அண்ணனோடு நானே கெபெங்குக்குப் போய் வந்தேன். கிள்ளானில் தொடங்கியபோது பின்னால் இருந்தது வெறும் பெட்டி.

"அண்ணே, போகும்போது எப்போதும் வெறும் பெட்டிதானா?" என்று கேட்டேன்.

"பாதி நாள் அப்படித்தான், தம்பி. காற்றை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறேன். டீசல் காற்றுக்கும் அதே கணக்குதான்."

இது பலருக்குத் தெரியாத செலவு. கிழக்குக் கரையிலிருந்து ஏற்றுமதி செய்பவருக்கு முதலில் வெறும் பெட்டி வேண்டும். கப்பல் நிறுவனங்களின் வெறும் பெட்டிகள் கிள்ளானில் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டுபோய், சரக்கை ஏற்றி, மறுபடியும் இழுத்துவர வேண்டும். போக வர ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஒரு பெட்டிக்கு.

திரும்பும் வழியில் கெந்திங் செம்பா இறக்கத்தில் மழை பிடித்தது. முன்னால் ஒரு மரக்கட்டை லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருந்தும் பிரேக் சூடேறிய வாடை கேபினுக்குள் வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். கோம்பாக் வந்து சமதளம் தட்டிய பிறகுதான் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். இருபது டன்னுக்கு மேல் பின்னால் தள்ள, அந்த இறக்கத்தை வாரம் மூன்று முறை இறங்குகிற மனிதர் அவர். அந்த மலைக்கடியில் ஒரு சுரங்கம் குடையப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தபோது, இந்தத் திட்டத்தின் மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி குறைந்துவிட்டது.

ரயில் லோரியை வெல்லும் என்று அப்போதும் உறுதி சொல்ல முடியாது. லோரி தொழிற்சாலை வாசலில் ஏற்றித் துறைமுக வாசலில் நிற்கும். இடையில் லிஃப்ட் இல்லை. ரயிலுக்கு இரண்டு லிஃப்ட் கூடுதல். பாடாங் பெசாரிலிருந்து கிள்ளான் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது அந்த இரண்டு லிஃப்டின் செலவு கரைந்துவிடும். முந்நூறு கிலோமீட்டரில் அது விளிம்பில் நிற்கிறது. ரயில் முற்றம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிள்ளானில் வடதுறைமுகம், மேற்குத்துறைமுகம் இரண்டுக்கும் போகும் கிளைப் பாதை முதல் நாளிலிருந்தே வேலை செய்ய வேண்டும். ஜாலான் கஸ்தாமில் இறக்கி மறுபடியும் லோரியில் ஏற்றினால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். கப்பல் நிறுவனங்கள் குவாந்தானிலேயே வெறும் பெட்டிக் கிடங்கு வைக்க ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்கே போகும் ரயிலில் நிறைந்த பெட்டிகள் போக வேண்டும்: மேற்குக் கரைத் தொழிற்சாலைப் பொருள்கள், அரிசி, சிமெண்ட், வீட்டுச் சாமான். ஒரு பக்கம் மட்டும் நிறைந்து ஓடும் ரயிலின் கட்டணத்தை ஏற்றுமதியாளர் இருமடங்காகச் சுமப்பார்.

2024 நடுவில் சிங்கப்பூரில் கப்பல்கள் நெரிசலில் நின்று, அந்த நெரிசல் கிள்ளானுக்கும் வழிந்தபோது, "இசிஆர்எல் இருந்திருந்தால்" என்று சிலர் சொன்னார்கள். அதுவும் தவறான ஆசை. நெரிசல் கரையில், ரயில் வந்து நிற்பதும் அதே கரைக்குப் பின்னால்தான். கரையில் இடமில்லாவிட்டால் ரயிலும் காத்திருக்கும்.

அண்ணனிடம், ரயில் வந்தால் உங்கள் வேலை போய்விடாதா என்று கேட்டேன். அவர் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"தொழிற்சாலையிலிருந்து ரயில் முற்றத்துக்கு யார் இழுப்பார்கள், தம்பி? அதற்கும் லோரி வேண்டும். நாளுக்கு நான்கு நடை அடித்தாலும் இரவில் வீட்டில் சாப்பிடலாம்."

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. காது கொஞ்சம் மந்தம். சரக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் கோம்பாக்குக்குக் கூட்டிப்போகிறேன், பழையபடி எண்ணலாம் என்று சொன்னேன். திட்டத்தின் செலவு, கடன், சுரங்கம் எதையும் அவர் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் போகும் ரயிலை எண்ணப் போகிறோம்?" என்றார்.

"குவாந்தான் பக்கம் போவதை" என்றேன்.